டெனாருக்கு இடமில்லை! சீரியல் செட் சத்தத்திலிருந்து சிப்ட்யூன் கீர்த்தனை வரை

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றிக் கட்டிய சீரியல் செட்டில் விளக்கு மட்டுமா மின்னும்? கூடவே 'கீங்... கீங்...' என்று கொசுக் குரலில் ஜிங்கிள் பெல்ஸும் ஒலிக்கும். ராத்திரி அதை அணைக்க மறந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் திட்டு நிச்சயம்!

அந்தச் சத்தத்தை வெறும் தொந்தரவு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால், அதே கொசுக் குரலை எடுத்து, அதில் தாளம், பேஸ், மெலடி எல்லாம் சேர்த்து முழுப் பாடல்களாக உருவாக்குகிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அந்த இசைக்குப் பெயர் 'சிப்ட்யூன்'.

அதற்கும் பனியன் ஊரான திருப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

திருப்பூரின் வடக்கே, பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளுமாக இருக்கும் நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை என்று பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் வாழ்கின்றன. அவர்களில் கிறிஸ்தவர்கள் மூட்டை முடிச்சோடு தங்கள் ஊர்ச் சபையின் பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் ஓவர்லாக், செக்கிங் என்று ஓடுகிற இளைஞர்தான் ஏழாம் நாள் ஆலயத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். காது நல்ல காது. விரலும் ஓடும். 'சொந்தமாக ஒரு பாட்டு செய்யலாமே தம்பி' என்று யாராவது கேட்டால்தான் தயங்குவார். 'ஸ்டூடியோவுக்குக் காசு ஏதுங்க? நல்ல கீபோர்டு வாங்கவே ஒரு வருஷச் சேமிப்பு வேணுமே!'

அந்தத் தம்பிக்காகவும், அவரைப் பெற்றவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன சிப்ட்யூன்?

90களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டி.வி-யில் வொயரை மாட்டி, மஞ்சள் கேசட்டைச் சொருகி மரியோவும் கான்ட்ராவும் விளையாடியவர்கள் அவர்கள். அப்போது பின்னணியில் ஓடிய பாட்டு இருக்கிறதே, அதுதான் சிப்ட்யூனின் தாய்வீடு.

அந்தப் பாட்டு எந்த ஸ்டூடியோவிலும் பதிவு செய்யப்பட்டதல்ல. 'இந்த நொடியில் இந்தச் சுரத்தை வாசி' என்ற கட்டளை மட்டும்தான் கேசட்டில் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சிப் அதைப் படித்துப் படித்து அங்கேயே வாசிக்கும். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவே 40 கிலோபைட்தான்! படம், பாட்டு, விளையாட்டு எல்லாம் சேர்த்து. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரியதாக இருக்கும்.

அந்த விளையாட்டுக்கு இசையமைத்தவர் ஜப்பானின் கோஜி கோண்டோ. 2023-ல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பாதுகாக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் மரியோ இசையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் வீடியோ கேம் இசை அதுதான்.

வீடியோ கேம் இல்லாத வீடுகளிலும் சிப் இசை இருந்தது. திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, காலிங் பெல் என்று பல வடிவங்களில் அது உள்ளே வந்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைத்த 'யூ.எம்.66' என்ற மூன்று கால் ஐ.சி. நினைவிருக்கிறதா? 64 சுரங்கள் அடங்கிய சின்ன நினைவகம் அதற்குள் உண்டு. அதன் ஒரு ரகத்தில் ஜிங்கிள் பெல்ஸ் உள்பட மூன்று கிறிஸ்துமஸ் மெட்டுகளையே அடைத்து வைத்திருந்தார்கள். ஆக, கிறிஸ்துமஸ் பாட்டும் சிப்பும் சேர்ந்தது இன்று நேற்றல்ல!

நாலே பேர் கொண்ட கச்சேரி

1989-ல் நின்டெண்டோ நிறுவனம் கையடக்க 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. அதில் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள்தான் எழும்ப முடியும். அந்த நான்கு வழிகளுக்கு 'சேனல்' என்று பெயர். முதல் இரண்டும் 'பல்ஸ்' என்கிற கூர்மையான ஒலி. மூன்றாவது, விருப்பம்போல வடிவம் மாற்றக்கூடிய ஒலி. பேஸ் பெரும்பாலும் இதில்தான் வரும். நான்காவது 'நாய்ஸ்', அதாவது வெறும் இரைச்சல். டிரம்ஸுக்குப் பதில் அதுதான்.

டி.வி-யில் மாட்டி விளையாடிய பெட்டியிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். இரண்டு பல்ஸ், பேஸுக்கு 'ட்ரயாங்கிள்' என்ற புல்லாங்குழல் போன்ற ஒலி, ஒரு நாய்ஸ், பதிவு செய்த சிறு ஒலித் துணுக்கை வாசிக்க இன்னொரு சேனல். அந்த ட்ரயாங்கிளுக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிகூடக் கிடையாது. ஒன்று பாடும், இல்லாவிட்டால் வாய்மூடி இருக்கும்!

இவ்வளவு குறைந்த வசதியில் எப்படி அத்தனை நிறைவான இசை வந்தது? அதற்கு ஒரு கைவித்தை உண்டு. 'டோ, மி, சோ' என்ற மூன்று சுரங்களும் சேர்ந்து ஒலித்தால்தான் அது கார்டு. ஆனால், ஒரு சேனல் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் வாசிக்கும். அதனால் அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஐம்பது அறுபது முறை மாற்றி மாற்றி வாசிக்க வைத்தார்கள். காதுக்கு அது ஒரே கார்டாகக் கேட்கும், லேசான 'கிலுகிலு'ப்புடன். பழைய வீடியோ கேம் பாட்டுகளில் கேட்கும் அந்தத் துள்ளல் இப்படி வந்ததுதான். இதற்கு 'ஆர்பெஜியோ' என்று பெயர்.

டெட்ரிஸுக்குள் ஓர் ஆலய இசைஞர்

கேம் பாயோடு சேர்த்து விற்கப்பட்ட புகழ்பெற்ற விளையாட்டு டெட்ரிஸ். கட்டங்கள் மேலிருந்து விழ விழ அடுக்க வேண்டும். அதில் மூன்று பாடல்களில் ஒன்றை நாமே தேர்வு செய்துகொள்ளலாம். மூன்றாவதாக இருக்கும் 'சி' பாடல் யாருடையது தெரியுமா? யோஹான் செபாஸ்டியன் பாக்!

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புனித தோமா ஆலயத்தில் 1723 முதல் இறக்கும்வரை இசைப் பொறுப்பில் இருந்தவர் பாக். 'கடவுளுக்கே மகிமை' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களின் மூன்று முதல் எழுத்துகளைத் தன் இசைத்தாள்கள் பலவற்றின் கடைசியில் எழுதிவைத்தவர். அவருடைய மூன்றாம் பிரெஞ்சு சூட்டின் மினுவெட்டை கேம் பாய்க்காக மாற்றி அமைத்தவர் ஹிரோகாஸு டனாகா. நின்டெண்டோவில் இசையமைத்ததோடு ஒலிக் கருவி வடிவமைப்பிலும் வேலை பார்த்த மனிதர் இவர்.

பாக் எதற்காக அங்கே பொருந்தினார்? அவருடைய இசையில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நடக்கும். தனித்தனியாகக் கேட்டாலும் ஒரு பாட்டாக இருக்கும், சேர்த்துக் கேட்டாலும் ஒரு பாட்டாக இருக்கும். தனியாக ஒரே ஒரு செல்லோ வாசிப்பதற்காக அவர் எழுதிய சூட்களில், ஒற்றைக் கருவியிலேயே இரண்டு மூன்று குரல்கள் பேசுவதுபோலத் தோன்றும். குறைந்த சேனலில் நிறைந்த இசை என்பது சிப்புக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குக் கைவந்த கலை.

கொயர் காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள்

தமிழ்நாட்டு ஆலயங்களில் கொயரில் பாடியவர்களுக்கு சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பேஸ் என்ற நான்கு குரல்கள் தண்ணீர்பட்ட பாடு. அதை எழுதி வைக்க நம் கொயர்கள் பயன்படுத்தும் முறை 'டானிக் சோல்ஃபா'. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் என்ற போதகர் பரப்பிய முறை இது. ஐந்து கோடு, முட்டை முட்டையாகச் சுரம் என்ற தலைவலியே இல்லை. டோ, ரே, மி ஆகியவற்றின் முதல் எழுத்துகள்தான் சுரம். இடையில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்தால் அடுத்த தட்டு. ஒரு சிறு கோடு போட்டால் 'இழுத்துப் பாடு' என்று அர்த்தம். நான்கு குரலும் நான்கு வரிகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

சிப்ட்யூன் செய்பவர்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு வகைக்கு 'டிராக்கர்' என்று பெயர். 1987-ல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா என்ற கணினிக்காக உருவாக்கிய 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்'தான் இந்த வகைக்கு முன்னோடி. அதன் திரையில் ஒரு சேனலுக்கு ஒரு பத்தி. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி. அதில் சுரத்தின் எழுத்து. நேரம் மேலிருந்து கீழே ஓடும்.

இப்போது சோல்ஃபா காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். எழுத்தில் சுரம், கட்டம் கட்டமாக நேரம், குரலுக்கு ஒரு பத்தி. அட, அதே டிராக்கர்! கொயரில் பத்து வயதில் சோல்ஃபா படித்த பிள்ளைக்கு இந்தத் திரை புதிதே இல்லை. காலர் நிட்டிங் டிசைனைக் கட்டம் கட்டமாகப் பார்த்துப் பழகிய திருப்பூர் கண்ணுக்கும் புதிதில்லை.

டெனார் எங்கே போவார்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கொயரில் பாடும் குரல் நான்கு. சிப்பில் சேனலும் நான்கு. ஆனால், அதில் ஒன்று வெறும் இரைச்சல். பாடத் தெரிந்த சேனல் மூன்றுதான்! சொப்ரானோவுக்கு ஒரு பல்ஸ், ஆல்ட்டோவுக்கு இன்னொரு பல்ஸ், பேஸுக்கு ட்ரயாங்கிள். டெனாருக்கு நாற்காலி இல்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, விட்டுவிடுவது. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு விட முடியாது. ஒரு கார்டில் 'டோ, மி, சோ' இருந்தால், 'சோ'வை விட்டாலும் காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 'மி'யை விட்டால் அந்தக் கார்டு சிரிக்கிறதா அழுகிறதா என்றே தெரியாமல் போய்விடும். அதனால் டெனார் எங்கெல்லாம் 'சோ' பாடுகிறாரோ அங்கே அவரை உட்காரச் சொல்லலாம். எங்கே 'மி' பாடுகிறாரோ அங்கே ஆல்ட்டோவை நிறுத்தியாவது அவரைப் பாட வைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஆல்ட்டோவையும் டெனாரையும் ஒரே பல்ஸ் சேனலில் உட்காரவைத்து, முன்பு சொன்ன ஆர்பெஜியோ முறையில் மாற்றி மாற்றிப் பாட வைப்பது. மெதுவான பாட்டில் 'கிலுகிலு'ப்பு அதிகமாகத் தெரியும். வேகமான பாட்டில் அழகாக இருக்கும்.

மூன்றாவது வழி, கூடுதல் சிப். அந்தக் காலத்திலேயே சில கேசட்டுகளுக்குள் தனி ஒலி சிப் வைத்தார்கள். கோனாமி நிறுவனத்தின் 'வி.ஆர்.சி.6' சிப் இன்னும் மூன்று குரல்களைக் கொடுத்தது. இன்றைய மென்பொருளில் அதை ஒரு தட்டலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த எடுப்பில் மூன்றாவது வழிக்குப் போகாதீர்கள். முதல் வழியில் ஒரு பாட்டை முடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டிலும் 'யாரை விடலாம், யாரை விடக்கூடாது' என்று யோசித்து யோசித்தே ஹார்மனி பாடம் புரிந்துவிடும். இன்று பல ஆலயங்களில் கீபோர்டின் ஸ்டைல் பட்டனை அழுத்தினால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாக வந்துவிடுகிறது. வசதிதான். ஆனால், உள்ளே யார் என்ன பாடுகிறார்கள் என்று வாசிப்பவருக்கே தெரிவதில்லை. நான்கு குரலும் மெல்ல மெல்ல ஒரே குரலாகி, ஆல்ட்டோவும் டெனாரும் பாட ஆளில்லாத ஆலயங்கள் பெருகினால், தாத்தா பாட்டி கட்டிக்காத்த ஒரு கல்வி நம் கையைவிட்டுப் போய்விடும். அதை ஒரு விளையாட்டுச் சத்தம் திரும்பக் கற்றுக்கொடுக்கும் என்றால், அந்தச் சத்தத்துக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்தானே?

செல்போனிலேயே தொடங்கலாம்

* பீப்பாக்ஸ்: போனின் பிரவுசரிலேயே திறக்கும் இலவசத் தளம். கட்டத்தைத் தொட்டால் சுரம் வரும். நீங்கள் செய்த பாட்டு முழுக்க அந்த இணைய முகவரிக்குள்ளேயே எழுத்துகளாகச் சேமிக்கப்படுவதுதான் இதன் அழகு. அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் பாட்டைக் கேட்கலாம், திருத்தியும் அனுப்பலாம்.

* ஃபேமிஸ்டூடியோ: பழைய நின்டெண்டோ சிப்பின் ஒலியை அப்படியே தரும் இலவச மென்பொருள். கணினியிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

* ஃபேமிடிராக்கர்: வீட்டில் பழைய விண்டோஸ் கணினி தூங்குகிறதா? இதை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். சோல்ஃபா படித்தவர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

முதல் பாட்டுக்கு 'சைலன்ட் நைட்' நல்ல தேர்வு. மூன்றே கார்டுகள் தெரிந்தால் போதும். முதலில் மெட்டைப் பல்ஸில் எழுதுங்கள். அடுத்து பேஸ். பிறகு ஆல்ட்டோ. டெனாரை என்ன செய்வது என்று அதன்பிறகு முடிவு செய்யுங்கள். நாய்ஸ் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். முக்கியமாக ஒரு ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்கவே கேட்காது. பேஸ் வரவில்லை என்று நினைத்து நீங்கள் பாட்டையே மாற்றிக்கொண்டிருப்பீர்கள்!

நம்ம ஊர் கீர்த்தனை இதில் வருமா?

வரும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்னாடக ராகங்களில் எழுதிய கீர்த்தனைகள்தான் தமிழ்க் கிறிஸ்தவ இசையின் முதுகெலும்பு. ராகம் என்றால் கமகம் வேண்டும். சுரம் குழைய வேண்டும், வழுக்க வேண்டும். ஹார்மோனியத்தில் அது முடியாது, ஒவ்வொரு கட்டையும் ஒரு இடத்தில் நின்றுவிடும். ஆனால், சிப்பில் முடியும்! ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கவும், சுரத்தை அசைக்கவும் டிராக்கரில் தனிக் கட்டளைகளே இருக்கின்றன. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று எண்ணில் எழுத வேண்டும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ராகத்தையும் மெஷினையும் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1982-ல் மும்பையின் சரண்ஜித் சிங், சிந்தஸைசரும் டிரம் மெஷினும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தமிழில் 1986-லேயே 'புன்னகை மன்னன்' படத்துக்காகக் கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார் இளையராஜா.

'ஆலயத்துல வீடியோ கேம் சத்தமா தம்பி?'

பெரியவர்கள் இப்படிக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. வழிபாட்டுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால், கருவிகளின் கதையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் பிறந்து, 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது ஹார்மோனியம். நம் இசைக்கு ஒத்துவராது என்று 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது. சுமார் 30 ஆண்டுகள் கழித்துத்தான் தடை தளர்ந்தது. இன்று ஹார்மோனியம் இல்லாத பஜனையைச் சொல்லுங்கள் பார்ப்போம்! 'சைலன்ட் நைட்' பாடல் 1818-ல் ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூர் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டபோது, துணைக்கு ஒலித்தது ஆர்கன் அல்ல, ஒரு கிட்டார்.

அதற்காக நாளைக்கே ஆராதனையில் 'பீப் பீப்' வைக்கச் சொல்லவில்லை. கேரல் ரவுண்ட்ஸ், வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளி நாடகம் என்று சிப் இசைக்குப் பொருத்தமான இடங்கள் நிறைய. கொயர் பயிற்சிக்கும் உதவும். டெனார் வரியை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதே கேட்டுப் படித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கும் பழைய கேரல் மெட்டுகளுக்கும் அந்தக் கவலை இல்லை. இன்றைய பாடல்களை எடுத்து வெளியிடுவதானால் உரியவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக எதையோ தட்டி, 'கீங் கீங்' என்று ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தால், 'மறுபடியும் கேமா?' என்று உடனே பிடுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'இதில் பேஸ் எது, டெனார் எது?' என்று கேட்டுப் பாருங்கள். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினுக்கு நான்கு நூல் போதும், உலகத்துக்கே பனியன் தைத்துவிடும். நான்கு சேனலும் ஒரு நல்ல காதும் இருந்தால், உங்கள் பிள்ளை இந்த டிசம்பருக்குள் ஒரு கேரலை முடித்துவிடுவார்.